முன்னால் போகிற வண்டி

வெர்லா: கையை எடு.

ஆரின்: எந்தக் கை?

வெர்லா: ஸ்டீயரிங் பக்கம் ஊர்ந்து வருதே, அது.

ஆரின்: ஈ விரட்டினேன்.

வெர்லா: மார்ச் மாசத்துல யூட்டா பாலைவனத்துல ஈயா?

ஆரின்: ஒண்ணே ஒண்ணு. அவசரப்பட்டு வந்துடுச்சு போல.

வெர்லா: பந்தயம் என்னன்னு ஒரு தடவை சொல்லு, கேப்போம்.

ஆரின்: காலையிலேர்ந்து நாலு தடவை சொல்லியாச்சு.

வெர்லா: அஞ்சாவது தடவை சொன்னா வாய் தேஞ்சுடாது.

ஆரின்: முதல் மணல் மேட்டுலேர்ந்து கடைசிப் பாறை வரைக்கும் நீதான் ஓட்டணும். நான் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. பல்லுபிடுங்கின்னு பேர் வச்சிருக்கோமே, அந்தப் பாறைப் படியில வண்டியை நீயே ஏத்தணும். ஏத்திட்டா, நம்ம ஜீப் கிளப்போட ஈஸ்டர் வார ஓட்டத்துல முன்னால போற வண்டி உன்னுது. படிவத்துல உன் பேரை எழுதி கிளப்புக்குக் குடுத்துடுவேன்.

வெர்லா: ஏத்தலைன்னா?

ஆரின்: வழக்கம்போல நான் முன்னால. நீ கடைசி வண்டி.

வெர்லா: படிவம் இப்ப எங்க இருக்கு?

ஆரின்: ... வீட்ல. மேஜை டிராயர்ல.

வெர்லா: டிராயர்லயா?

ஆரின்: ஆமா. ஏன்?

வெர்லா: சும்மா கேட்டேன். நாடீன் திங்கக்கிழமையோட லிஸ்டை மூடிடுவா. கிளப் செயலாளர் ஆனதுலேர்ந்து ஒரு நிமிஷம் தாண்டினாலும் வாங்க மாட்டேங்கறா.

ஆரின்: நாடீனை நான் பாத்துக்கறேன். நீ பாதையைப் பாரு. கல்லு.

வெர்லா: பாத்துட்டேன்.

ஆரின்: வலது பக்கம்.

வெர்லா: பாத்துட்டேன்னு சொன்னேன்ல.

ஆரின்: பாத்துட்டு அது மேலயே ஏத்துற!

வெர்லா: ஏத்தத்தான் ஏத்துறேன். கல்லு சக்கரத்துக்கு அடியில போகணும், வண்டி வயித்துக்கு அடியில போகக் கூடாது. யார் சொன்னது?

ஆரின்: எவனோ ஒரு புத்திசாலி.

வெர்லா: அந்தப் புத்திசாலி இப்ப பக்கத்து சீட்ல உக்காந்து கைப்பிடியைப் பிச்சு எடுத்துட்டிருக்கான்.

ஆரின்: இந்தப் பக்கம் உக்காந்து பழக்கம் இல்ல. இங்க ஒரு பிரேக்கு கூட வைக்கல பாரு.

வெர்லா: அதான் அரை மணி நேரமா தரையை மிதிச்சுக்கிட்டே வர்றியா?

ஆரின்: கால் மரத்துப் போச்சு.

வெர்லா: முதல்ல ஈ. இப்ப மரத்துப் போன கால். இன்னும் என்னென்ன வச்சிருக்க?

ஆரின்: டயர்ல காத்து எவ்வளவு விட்டு வச்ச?

வெர்லா: பேச்சை மாத்து. பதினஞ்சு.

ஆரின்: பதிமூணு வச்சிருக்கலாம். இந்தப் பாறைக்கு டயர் இன்னும் கொஞ்சம் சப்பையா இருந்தாத்தான் ஒட்டிப் பிடிக்கும்.

வெர்லா: நீதான் பக்கத்துல நின்ன. எப்பவும் நாலு டயருக்கும் காத்து இறக்குறது நீதான். இன்னைக்கு மட்டும் ராஜா மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்ன.

ஆரின்: காலையில குளிரு. விரல் விறைச்சுப் போச்சு. அந்தச் சின்ன மூடியைப் பிடிக்க வரல.

வெர்லா: போன ஜனவரியில பனியில நின்னு இறக்கின.

ஆரின்: போன ஜனவரியில எனக்கு ஒரு வயசு கம்மி.

வெர்லா: ... சரி கிழவா.

ஆரின்: வெர்லா, அங்க பாரு. அந்தச் செவப்புச் சுவர்ல ஒரு வளைவு. மேல ஓட்டை விழுந்து வானம் தெரியுது. அது எப்ப வந்தது?

வெர்லா: அது எப்ப வந்ததா? நாம பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து அங்கதான் இருக்கு.

ஆரின்: நான் பாத்ததே இல்லையே.

வெர்லா: நீ என்னைக்குத் தலையைத் தூக்கின? இருபத்திரெண்டு வருஷமா முன்சக்கரத்தையும் அடுத்த கல்லையும்தான் பாத்துட்டு வந்திருக்க.

ஆரின்: நல்லாத்தான் இருக்கு.

வெர்லா: கடைசி வண்டியில வர்றவங்களுக்கு இதெல்லாம் தெரியும். புழுதி அடங்கினா.

ஆரின்: ஆரம்பிச்சுட்டியா...

வெர்லா: ஏன் ஆரம்பிக்கக் கூடாது? ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நீ முன்னால, உன் பின்னால இருபத்தஞ்சு வண்டி, அதுக்கும் பின்னால நான். அத்தனை பேர் கிளப்புற புழுதியும் என் மூக்குல.

ஆரின்: கடைசி வண்டிதான் பெரிய பொறுப்பு. அச்சு உடைஞ்சவன், வழி மாறினவன், பயந்து அழறவன், எல்லாரையும் சேத்துக் கூட்டிட்டு வரணும். உன்னை விட்டா யார் செய்வா?

வெர்லா: கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பல்லுபிடுங்கி வந்ததும் நீ என்ன பண்ணுவ? எல்லாரையும் மேல ஏத்திட்டு, நடந்து கீழ வந்து, என் கதவைத் திறந்து, "நகந்துக்கோ, நான் ஏத்தறேன்"ம்ப.

ஆரின்: அது பாதுகாப்புக்கு...

வெர்லா: போன வருஷம் பத்தொன்பது வயசுப் பொண்ணு ஒருத்தி வாடகை ஜீப்பை அவளே ஏத்திட்டு மேல நின்னு ஆப்பிள் தின்னுக்கிட்டிருந்தா. நான் மடியில கையை வச்சுக்கிட்டு உன் பக்கத்துல உக்காந்து ஏறி வந்தேன். அவ என்னைப் பாத்து சிரிச்சா, ஆரின். பாவம்னு சிரிச்சா. எனக்கு எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருந்தது.

ஆரின்: ... நீ அதைச் சொல்லவே இல்லையே.

வெர்லா: இப்ப சொல்றேன்.

ஆரின்: உன்னை நம்பாம இல்ல. நீ எனக்கு ஒருத்திதானே இருக்க.

வெர்லா: வாய் மட்டும் தேன். நிமிந்து உக்காரு, எதுக்க வண்டி வருது.

ஆரின்: டாரெல். அந்தப் பச்சை ஜீப்பு எங்க வந்தாலும் தெரியும். ஏறுறவங்களுக்குத்தான் வழி. நீ நிக்காத, போய்க்கிட்டே இரு. அவன் ஒதுங்குவான்.

வெர்லா: உன் பக்கம் ஒதுங்கிட்டான். எனக்கு ரெண்டு கையும் இங்க வேணும். பின்னால எத்தனை வண்டி வருதுன்னு நீயே விரல்ல காட்டிடு.

ஆரின்: பின்னால யாரு வர்றா?

வெர்லா: யாரும் இல்லைன்னா முஷ்டியை மூடிக் காட்டு. உனக்கு நான் சொல்லித் தரணுமா?

ஆரின்: ... காட்டியாச்சு.

வெர்லா: சிரிச்சானா?

ஆரின்: அவன் என்னைக்குச் சிரிச்சான்?

வெர்லா: டாரெலைத் தாண்டி கால் மணி நேரம் ஆச்சு, தொண்டை காயுது. அந்த சோடாவை எடுத்துக் குடு... மூடியைத் திறந்து குடுக்க மாட்டியா?

ஆரின்: இறுக்கமா இருக்கு.

வெர்லா: கொண்டா. பல்லாலயே திறக்கறேன்.

ரேடியோவில் டாரெல்: ஆரின்... ஆரின்... கேக்குதா?

ஆரின்: சொல்லு டாரெல்.

ரேடியோவில் டாரெல்: மிச்சம் அஞ்சு வண்டி எங்கப்பா? இருபது நிமிஷமா ஓரத்துல நிக்கறேன். ஒரு ஓணான் கூட வரல.

ஆரின்: எந்த அஞ்சு வண்டி?

ரேடியோவில் டாரெல்: நீதானே அஞ்சு விரலையும் விரிச்சுக் காட்டின!

ஆரின்: ... அதுவா... அது உனக்கு வணக்கம் சொன்னேன்.

ரேடியோவில் டாரெல்: வணக்கமா? மூடின கைன்னா கடைசி வண்டி, விரல்னா வண்டிக் கணக்கு. நான் கிளப்புல சேந்த அன்னைக்கு நீதான் என்னைத் திட்டித் திட்டிச் சொல்லிக் குடுத்த. இப்ப நீயே வணக்கம் சொல்றியா?

வெர்லா: டாரெல், நான் வெர்லா பேசறேன். எங்க பின்னால யாரும் இல்ல. நீ கிளம்பு.

ரேடியோவில் டாரெல்: நீயா ஓட்டுற? எது வரைக்கும்... பல்லுபிடுங்கிக்கா?

வெர்லா: அது வரைக்கும் இல்ல. அதுக்கு மேல.

ரேடியோவில் டாரெல்: ஆரின் சம்மதிச்சானா?

வெர்லா: சம்மதம் கேட்டாத்தானே சம்மதிக்கறதுக்கு?

ரேடியோவில் டாரெல்: போன மாச மழையில அந்தப் படியோட இடது முனை உடைஞ்சு விழுந்துடுச்சு வெர்லா. இப்ப வண்டி அகலத்துக்கு மேல ஒரு முழம்தான் மிச்சம். அந்தப் பக்கம் இருநூறு அடி பள்ளம். நான் இன்னைக்கு ஏறல, திரும்பி வந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

வெர்லா: சொன்னதுக்கு நன்றி.

ஆரின்: ... கேட்டியா? டாரெலே திரும்பிட்டான்.

வெர்லா: கேட்டேன். டாரெலுக்கு வணக்கம் சொன்னியா நீ?

ஆரின்: சொன்னா என்ன?

வெர்லா: இருபது வருஷத்துல அவனுக்கு ஒரு தடவை கூட நீ வணக்கம் சொன்னது இல்ல. உன் மண்வெட்டியை வாங்கிட்டுத் திருப்பித் தரலைன்னு இன்னும் முணுமுணுத்துக்கிட்டு இருக்க.

ஆரின்: மன்னிச்சுட்டேன்.

வெர்லா: எப்ப?

ஆரின்: இப்பத்தான். இருபது நிமிஷம் முன்னால.

வெர்லா: ... வந்தாச்சு. இறங்கு.

ஆரின்: வெர்லா, கொஞ்சம் யோசி. படி உன் இடுப்பு உயரம். வலது பக்கம் சுவரு, இடது பக்கம் ஒண்ணுமே இல்ல. நான் ஏத்திடறேன். மேல போய் மறுபடி நீ ஓட்டு. யாருக்குத் தெரியப் போகுது?

வெர்லா: எனக்குத் தெரியும்.

ஆரின்: நாளைக்கு உன் அக்கா சாவு வீட்டுக்குன்னு சீஸ் போட்ட உருளைக்கிழங்குத் தட்டைத் தூக்கிட்டு நம்ம வாசல்ல நிப்பா.

வெர்லா: அதைத் தின்ன நாம இருக்க மாட்டோம். அந்த மட்டுக்கும் லாபம். இறங்குடா.

ஆரின்: திரும்பிடலாம். நான் தோத்துட்டேன்னு வச்சுக்கோ.

வெர்லா: நான் ஜெயிக்காம நீ எப்படித் தோப்ப? ஈஸ்டருக்கு என் பின்னால இருபத்தஞ்சு வண்டி வரும். குழந்தைங்க வரும். நானே ஏறாத படியில அவங்களை ஏறச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. இன்னைக்கு ஏறலைன்னா என்னைக்குமே இல்ல. இறங்கி மேல போய் நில்லு. நீ கை காட்டு, நான் உன் கையை மட்டும்தான் பாப்பேன்.

ஆரின்: கத்திச் சொல்றேனே.

வெர்லா: இந்தப் பள்ளத்தாக்குல இன்ஜின் சத்தத்தோட நீ கத்தினா நாலு பக்கமும் அடிச்சுத் திரும்பி வரும், ஒண்ணும் புரியாது. கைதான். தலைக்கு மேல தூக்கி. முஷ்டி மூடினா நிக்கணும். விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டா மெதுவா வரணும். மாறிப் போச்சா சட்டம்?

ஆரின்: மாறல.

வெர்லா: அப்ப போ.

ஆரின்: ... தெரியுதா வெர்லா?

வெர்லா: ஒரு கைதான் தெரியுது! இன்னொண்ணு எங்க?

ஆரின்: பாக்கெட்ல!

வெர்லா: பாக்கெட்லயா? சந்தைக்கா வந்திருக்க? ரெண்டையும் தூக்கு!

ஆரின்: ஒரு கை போதும்!

வெர்லா: ஒரு கையை வச்சு எந்தச் சக்கரம்னு எனக்கு எப்படித் தெரியும்? தூக்கு ஆரின்!

ஆரின்: ... தூக்கிட்டேன்!

வெர்லா: ஆங்... வரேன். முன்சக்கரம் ஏறுது... ஏறிடுச்சு. சுவருக்கும் கதவுக்கும் ஒரு சாண்... வரேன்... கூப்பிடற, வரேன்...

ஆரின்: நில்லு!

வெர்லா: வரேன்... வரேன்...

ஆரின்: நில்லு! வெர்லா, நில்லு!

வெர்லா: ஐயோ...

ஆரின்: பிரேக்! பிரேக்கை அமுக்கு!

வெர்லா: அமுக்கிட்டேன்! இன்ஜினை அணைச்சுட்டேன்! ஆரின்... என் ஜன்னல்ல தரையே தெரியல. பள்ளம் மட்டும்தான் தெரியுது.

ஆரின்: அங்க பாக்காத. என்னைப் பாரு. காலை எடுக்காத. இடது பின்சக்கரம் அந்த உடைஞ்ச முனையில இறங்கிடுச்சு. வலது முன்சக்கரம் அந்தரத்துல நிக்குது.

வெர்லா: நீ கூப்பிட்டதாலதான் வந்தேன்!

ஆரின்: நான் கூப்பிடல. முஷ்டிதான் மூடினேன்.

வெர்லா: விரல் மடங்கி மடங்கிக் கூப்பிட்டுது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

ஆரின்: மூடினேன் வெர்லா. அது... மூட மாட்டேங்குது.

வெர்லா: எது?

ஆரின்: கை. வலது கை. அதுவா ஆடுது. டாரெலுக்கு நான் வணக்கம் சொல்லல.

வெர்லா: ... எத்தனை நாளா?

ஆரின்: அக்டோபர்ல டிராக்டர் பெல்ட் வாங்கப் போறேன்னு ப்ரைஸ் ஊருக்குப் போனேனே, அன்னைக்கு டாக்டர்கிட்டதான் போனேன்.

வெர்லா: பெல்ட் இல்லாம வந்து நின்ன. கடை மூடியிருந்ததுன்ன.

ஆரின்: நடுக்குவாதம்னார். மெதுவா அதிகமாகும்னார். மாத்திரை குடுத்தார். வைட்டமின் டப்பாவுல போட்டு வச்சுத் தின்னுக்கிட்டிருக்கேன்.

வெர்லா: இதை நான் பள்ளத்து மேல தொங்கும்போதுதான் சொல்லணுமா?

ஆரின்: இதை விட நல்ல நேரம் கிடைக்கல. கைபிரேக்கைப் போட்டுட்டு பின்கதவு வழியா மெதுவா வெளிய வந்துடு. வண்டி போனா மயிரே போச்சு. நான் ஏறி எடுக்க முடியுமான்னு பாக்கறேன்.

வெர்லா: எந்தக் கையால எடுப்ப? அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா நான் இறங்க மாட்டேன். இறங்கினா முன்பக்கம் லேசாகும், பின்னால இன்னும் சாயும். அது உனக்கும் தெரியும்.

ஆரின்: ... தெரியும்.

வெர்லா: அப்ப அழறதை விட்டுட்டு வேலையைப் பாரு. மேல அந்த ஜூனிபர் மரம் இருக்குல்ல? வண்டி முன்னால மோட்டார்ல சுத்தியிருக்கிற விஞ்ச் கயித்தை இழுத்துட்டுப் போய் அதுல கட்டு. மரத்துக்குத் துணிப் பட்டையைச் சுத்திட்டுக் கட்டு, இல்லைன்னா மரத்தோட தோல் உரிஞ்சுடப் போகுது.

ஆரின்: இந்த நேரத்துலயும் மரத்துக்குப் பாவம் பாக்கறா... கட்டி, அப்படியே இழுத்துடவா?

வெர்லா: இழுக்கக் கூடாது. விழாம இருக்கத்தான் கயிறு. கயிறு இழுத்து ஏறினா அது ஏறினது ஆகுமா?

ஆரின்: இப்பவுமா பந்தயம்?

வெர்லா: இப்பத்தான்.

ஆரின்: உன்னைக் கட்டிக்கிட்டு முப்பத்தாறு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது "சரி"ன்னு சொல்லியிருப்பியா?

வெர்லா: கல்யாணத்துல சொன்னேன். அதுக்கே இந்தப் பாடு. கட்டிட்டியா?

ஆரின்: பட்டை சுத்தியாச்சு. கொக்கி... கொக்கி மாட்ட வரல. வளையத்துக்குள்ள போகாம ஆடுது... சனியனே, நில்லு... நில்லுங்கறேன்ல...

வெர்லா: ஆரின்.

ஆரின்: ஒரு நிமிஷம் இரு!

வெர்லா: அதைத் திட்டாத. நிதானமா மாட்டு. எனக்கு இங்க எந்த வேலையும் இல்ல, காலால பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். இடது கையால கொக்கியைப் பிடி. வலது கையை மரத்தோட சேத்து அமுக்கி வச்சுக்கோ. ஆடட்டும், மரமும் சேந்து ஆடட்டும்.

ஆரின்: ... மாட்டிடுச்சு.

வெர்லா: பாரு. இப்ப அந்தப் பின்சக்கரத்துக்கு அடியில கல்லு வச்சுக் குடு. சப்பைக் கல்லா எடு. உன் தலை அளவு இருந்தா போதும், தலைக்கு உள்ள இருக்கறது மாதிரியே கெட்டியா இருக்கட்டும்.

ஆரின்: சிரிக்க வைக்காத, கால்ல போட்டுக்குவேன். ... ஒண்ணு வச்சாச்சு. ரெண்டு... மூணு. இறுக்கமா இருக்கு. உதைச்சுப் பாத்தேன், நகரல.

வெர்லா: கயிறு?

ஆரின்: பிடிப்பு இருக்கு. நீ முன்னால வர வர ரிமோட்ல சுருட்டிக்கறேன், ஆனா இழுக்க மாட்டேன். ரிமோட்டை இடது கையில வச்சிருக்கேன்.

வெர்லா: இப்ப எனக்கு வழி எப்படிக் காட்டப் போற? கையை நான் இனிமே பாக்க மாட்டேன். கத்தினா கேக்காது.

ஆரின்: அதான் எனக்கும் தெரியல.

வெர்லா: கால் ஆடுதா?

ஆரின்: காலா? இல்ல. கால் நல்லாத்தான் இருக்கு.

வெர்லா: அப்ப எனக்கு முன்னால பின்பக்கமா நட. என் இடது சக்கரம் எங்க வரணுமோ அங்க உன் காலை வை. நீ வச்ச இடத்துல நான் சக்கரத்தை வைக்கறேன். நீ நின்னா நான் நிப்பேன்.

ஆரின்: நான் வண்டிக்கு நேரா நிக்கணும்ங்கற.

வெர்லா: ஆமா.

ஆரின்: உன் கால் ஒரு தடவை வழுக்கினா என் மேலதான்...

வெர்லா: வழுக்காது. முப்பத்தாறு வருஷத்துல உன் மேல ஏத்தணும்னு எத்தனையோ தடவை தோணியிருக்கு, ஏத்தலையே. எனக்குப் பயமாத்தான் இருக்கு ஆரின், பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் ஏறத்தான் போறேன். நடக்கறியா?

ஆரின்: நடக்கறேன்.

வெர்லா: சின்ன கியர் போட்டாச்சு. இன்ஜினைக் கிளப்பறேன். கடைசியா ஏதாவது சொல்லணுமா?

ஆரின்: பிரேக்கை விடறதுக்கு முன்னால ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குடு. ஸ்டீயரிங்கைச் சுவர் பக்கம் கால்வாசி சுத்து. அப்புறம்... வெர்லா...

வெர்லா: என்ன?

ஆரின்: மேல வந்து சொல்றேன்.

வெர்லா: சரி. காலை வை... ஆங். வரேன். அடுத்தது... வரேன். கல்லு பிடிச்சுக்கிச்சு! பின்னால ஏறுது... நீ நின்னுட்ட, நானும் நின்னுட்டேன். ம்... நட. வரேன்... முன்சக்கரம் தரையில பட்டுடுச்சு... அடுத்த கால்... வரேன்... அப்படித்தான்... அப்படித்தான் கிழவா, நட... நட...

ஆரின்: போதும்! நில்லு! அணைச்சுடு!

வெர்லா: ஏறிட்டேனா?

ஆரின்: நாலு சக்கரமும் மேல இருக்கு.

வெர்லா: கயிறு இழுத்துச்சா?

ஆரின்: ஒரு அங்குலம் கூட இழுக்கல. பாரு, தொளதொளன்னு கிடக்கு.

வெர்லா: சத்தியமா?

ஆரின்: சத்தியமா. நீயேதான் ஏறின.

வெர்லா: ... கொஞ்ச நேரம் பேசாத. முட்டி ரெண்டும் நடுங்குது.

ஆரின்: உனக்குமா?

வெர்லா: போடா.

ஆரின்: இறங்கி இப்படி நிழல்ல உக்காரு. சாண்ட்விச் எடுத்துட்டு வரேன். சோடா வேணுமா? மூடியை நீதான் திறக்கணும்.

வெர்லா: அக்டோபர், நவம்பர், டிசம்பர்... அஞ்சு மாசம். என் பக்கத்துலயே படுத்து எந்திரிச்சுட்டு அஞ்சு மாசம் சொல்லாம இருந்திருக்க. கிறிஸ்துமஸ் வாழ்த்தெல்லாம் நீயே எழுது, உன் கையெழுத்து அழகுன்னு கொஞ்சினியே, அதுவும் இதானா?

ஆரின்: அதுவும் இதான்.

வெர்லா: ஏன்டா சொல்லல?

ஆரின்: சொன்னா நீ என்னைத் திட்டறதை நிறுத்திடுவ. பாத்துப் பாத்துப் பேசுவ. அதை மட்டும் என்னால தாங்க முடியாது.

வெர்லா: உன்னைத் திட்டறதையா நான் நிறுத்தப் போறேன்? முட்டாள். கையைக் குடு.

ஆரின்: எந்தக் கை?

வெர்லா: ஆடற கை. அதுக்குத்தான் பிடிக்க ஆள் வேணும்.

ஆரின்: ... வெர்லா, ஒண்ணு சொல்லணும்னேனே. படிவம் டிராயர்ல இல்ல. போன திங்கக்கிழமையே தபால்ல போட்டுட்டேன்.

வெர்லா: யார் பேரை எழுதி?

ஆரின்: உன் பேரை.

வெர்லா: என் பேரையா?

ஆரின்: பின்னால குழந்தைங்களை வச்சுக்கிட்டு இந்தக் கையோட நான் முன்னால போக முடியுமா? ஆனா சும்மா தூக்கிக் குடுத்தா ஏன்னு கேப்ப, கையைப் பத்திச் சொல்ல வேண்டி வரும். நீயே ஜெயிச்சு வாங்கின மாதிரி இருந்தா கேள்வி வராதேன்னுதான் இந்தப் பந்தயம். நீ தோத்திருந்தாலும் நீதான் முன்னால. ... என்ன, தலையைக் குனிஞ்சுக்கிட்ட? வெர்லா? அழறியா? வாயைத் திறந்து திட்டேன்.

வெர்லா: வியாழக்கிழமை நாடீன் எனக்குப் போன் பண்ணா. "ஆரின் அனுப்பின படிவத்துல பேர் எழுதற இடத்துல எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு, ஒரு எழுத்தும் புரியல, முன்னால போறது அவரா நீயா"ன்னு கேட்டா. நீ உன் பேரைத்தான் எழுதியிருப்பன்னு நினைச்சேன் ஆரின். நினைச்சுக்கிட்டே, "நான்தான், எழுதிக்கோ"ன்னு பொய் சொல்லிட்டேன். உன் இடத்தை உனக்குத் தெரியாம திருடிட்டோமேன்னு ரெண்டு நாளா தூக்கம் இல்ல... இந்தப் படியில ஏறிட்டாலாவது உன் முகத்தைப் பாத்து அதைச் சொல்லலாம்னுதான் இன்னைக்கு வண்டியை எடுத்தேன்.